ஃபிராங்க்பர்ட்டில் ஒரு இடுப்புவலி

2023 டிசம்பர் கடைசி வாரம். குளித்துவிட்டு பனியன் போடக் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். வலது இடுப்பில் கிளம்பி, தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் யாரோ நரம்பைச் சுண்டி இழுத்த மாதிரி இருந்தது. எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டர், கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, மூன்று வாரம் ரெஸ்ட் எடுங்கள் என்றார்.

"ஜனவரி 6 ராத்திரி ஃபிளைட் சார்."

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "எங்கே?"

"ஜெர்மனி."

"பெட்டி எவ்வளவு கனம்?"

"இரண்டு பெட்டி. தலா 23 கிலோ."

மறுபேச்சு பேசாமல் இடுப்பு பெல்ட் எழுதிக் கொடுத்தார்.

கரூரில் வீட்டு ஜவுளித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜனவரி என்றால் முதலில் ஹைம்டெக்ஸ்டில், அப்புறம்தான் பொங்கல். 1971-லிருந்து ஃபிராங்க்பர்ட்டில் நடக்கும் கண்காட்சி அது. திரைச்சீலை, பெட்ஷீட், கிச்சன் டவல், ஏப்ரன் என்று நாங்கள் நெய்து தைக்கும் எல்லாவற்றுக்கும் வருஷத்துக்கான ஆர்டர் பேச்சு அங்கேதான் தொடங்கும். நான் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது சரக்கு வாங்கும் பையர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே ஆர்டரைப் பார்த்துக்கொள்பவன். சாம்பிள் எல்லாம் என் கை வழியாகப் போனவை. வேறு ஆளை அனுப்பலாம்தான். ஆனால் எந்த டவலில் எந்த நூல், எந்த பையர் போன வருஷம் எந்தக் கலரைத் திருப்பி அனுப்பினார் என்பதெல்லாம் என் மண்டையில் இருக்கிறது. அதைப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாதே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இறங்கினால் இரண்டு பெட்டியில் ஒன்றுதான் வந்தது. சாம்பிள் வந்துவிட்டது, மாத்திரை வரவில்லை. மாத்திரையைக் கைப்பையில் வைக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், மருந்துக் கடையும்தான். முறை வைத்து ஏதாவது ஒரு கடை மட்டும் அவசரத்துக்குத் திறந்திருக்கும். அதுவும் கதவைத் திறப்பதில்லை, சின்ன ஜன்னல் வழியாகத்தான் வியாபாரம். சுழியத்துக்குக் கீழே இருந்த குளிரில், ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுக் கொக்கு மாதிரி நின்றேன். உள்ளிருந்த பெண் வயிற்றுப்புண் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று பொறுமையாகக் கேட்டார். இபுப்ரோஃபென் 400-ஐக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டணம் இரண்டரை யூரோ தனி. அந்த நேரத்தில் இருபத்தைந்து கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

கண்காட்சி வாரத்தில் ஃபிராங்க்பர்ட் ஹோட்டல் வாடகை எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது. அதனால் பக்கத்து ஊரான ஆஃபன்பாக்கில் ஒரு வீட்டு மாடி அறை. மாடி என்பதை புக் செய்தபோது கவனிக்கவில்லை. முப்பத்தெட்டுப் படி. அந்த வாரம் முழுக்க எண்ணியதால் இன்னும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஜனவரி 9, முதல் நாள் நன்றாகவே போனது. மின்சார ரயில் கண்காட்சி வாசலிலேயே கொண்டுபோய் விட்டது. முந்தின இரவே தொலைந்த பெட்டியும் வந்து சேர்ந்திருந்தது. அன்று மாலையே செய்தி: நள்ளிரவு தாண்டி இரண்டு மணியிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை ஆறு வரை ரயில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். அதே வாரம் டீசல் மானியத்தைக் குறைப்பதை எதிர்த்து நாடெங்கும் விவசாயிகள் டிராக்டர்களோடு சாலையில் இறங்கியிருந்தார்கள். நம் ஊர் பந்த் எல்லாம் எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றியது. நம் ஊரில் குறைந்தபட்சம் குளிராது.

நல்லவேளையாக டிராமும் சுரங்க ரயிலும் வேறு நிர்வாகம், அவை ஓடின. ஆஃபன்பாக் எல்லையில் டிராம் ஏறினால் மெயின் நதியைத் தாண்டி நகரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்த எல்லைக்கு நடந்து போக வேண்டும். அங்கே வீட்டு வாசல் நடைபாதையில் பனியைத் தள்ளிப் பொடிக்கல் தூவ வேண்டியது அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு. கல் தூவிய வாசலில் செருப்புக்கடியில் நறநறவென்று சத்தம் வரும், தைரியமாகக் கால் வைக்கலாம். தூவாத வாசலில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. நல்ல இடுப்புள்ளவன் வழுக்கினால் விழுவான், அல்லது சமாளிப்பான். எனக்கு விழாமல் சமாளிப்பதுதான் பெரிய தண்டனை. சட்டென்று உடம்பு முறுக்கிக்கொள்ளும், அடுத்த அரை நிமிஷம் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எந்த வீடு பொறுப்பானது, எந்த வீடு சோம்பேறி என்று மூன்று நாளில் எனக்கு மனப்பாடம்.

டிராமில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறேன், எப்படிக் கேட்பது?

கண்காட்சிக் கோபுரத்தின் முன்னால் சுத்தியலோடு ஒரு கறுப்பு மனிதன் நிற்கிறான். ஜோனதன் போரோஃப்ஸ்கி என்ற அமெரிக்கச் சிற்பி செய்தது, ஏறக்குறைய இருபது மீட்டர் உயரம். மோட்டாரில் கை மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஊரே வேலைநிறுத்தத்தில் இருக்க அவன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடியும் என் இடுப்பில்தான் விழுகிறது என்று பட்டது. வேலை செய்பவர்களுக்கு மரியாதையாக வைத்த சிலையாம். சரி.

உள்ளே போனால் அரங்கத்திலிருந்து அரங்கத்துக்கு நகரும் நடைபாதை. அதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். ஆனால் எங்கள் ஸ்டாலில் அழகுக்காக வாங்கிப் போட்டவை உயரமான பார் ஸ்டூல்கள். உட்கார்ந்தால் கால் தொங்கும், கால் தொங்கினால் நரம்பு இழுக்கும். இரண்டாம் நாள் மதியம் தாங்க முடியவில்லை. ஸ்டால் பின்னால் திரை போட்ட சின்ன ஸ்டோர் இருந்தது. சாம்பிள் பெட் கவர்களைத் தரையில் விரித்து மல்லாந்து படுத்துவிட்டேன். பத்து வருஷமாகப் பையர்களிடம் "ரொம்ப சாஃப்ட்" என்று சொல்லி விற்ற சரக்கு. அன்றுதான் முதல் தடவை அதன்மேல் படுத்தேன். பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

திரைக்கு அடியில் என் ஷூ தெரிந்திருக்கிறது. டென்மார்க் பையர் அம்மா திரையை விலக்கிப் பார்த்தார். எழுந்திருக்கப் போனேன், வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு ஒரு அட்டைப் பெட்டியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கணவருக்கும் இதே தொல்லையாம். நான் படுத்துக்கொண்டும் அவர் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டுமாக நாற்பது நிமிஷம் பேசினோம்.

அனுதாபம் விலையில் தெரியவில்லை. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் டிசம்பர் நடுவிலிருந்து பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்திருந்தன. தூத்துக்குடியில் ஏற்றும் எங்கள் கன்டெய்னர் ஐரோப்பா போய்ச் சேர இரண்டு வாரம்போலக் கூடுதல். எங்கள் விலை எஃப்.ஓ.பி., அதாவது கப்பல் வாடகை பையர் பொறுப்பு. கணக்குப்படி எங்களுக்குக் கவலை இல்லை. நிஜத்தில், வாடகை ஏறினால் அவர்கள் அதை டவல் விலையில் குறைக்கச் சொல்வார்கள். டவலுக்கு ஐந்து சென்ட் குறை என்றார். படுத்திருப்பவனிடம் பேரம் பேசுவது எளிது போலிருக்கிறது. மூன்று சென்ட்டில் முடிந்தது.

அன்று இரவு முப்பத்தெட்டுப் படியில் நான் ஏறிய சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், குரோவேஷியாக்காரர், ஆங்கிலம் தெரியாது. என் இடுப்பைச் சுட்டிக் காட்டி ஏதோ கேட்டார், தலையாட்டினேன். போய், மைக்ரோவேவில் சூடாக்கிய ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கையில் திணித்தார். குலுக்கினால் கலகலத்தது. உள்ளே காய்ந்த செர்ரிக் கொட்டை. அந்த ஊரில் இது வீட்டு வைத்தியம். எங்கள் அப்பத்தா தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடம்தான், கொட்டை மட்டும் வேறு. வலியிலும் என் கை முதலில் பையின் ஓரத்தைத்தான் புரட்டியது. பருத்தி, ப்ளெயின் நெசவு, உள்தையல் இரட்டை. நல்ல வேலை. அப்புறம்தான் இடுப்பில் வைத்தேன். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியது அன்றைக்குத்தான்.

மற்ற இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரை, டிராம், திரைக்குப் பின்னால் பெட் கவர், படி, செர்ரிக் கொட்டை.

போகும்போது சென்னையில் வீல்சேர் வேண்டுமா என்று கேட்டார்கள், எனக்கென்ன வயசு என்று மறுத்தேன். திரும்பும்போது நானே கேட்டு வாங்கினேன். சனிக்கிழமை ஃபிராங்க்பர்ட் விமான நிலையத்தில் தள்ள வந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"தமிழோ? எந்த இடம் அண்ணை?"

"கரூர். நீங்க?"

"யாழ்ப்பாணம். இஞ்சை வந்து முப்பது வருசத்துக்கு மேலை. இடுப்பு நோவோ?"

நாங்கள் வலி என்போம், அவர் நோ என்றார். காலுக்கு இறங்குகிறதோ, இருமினால் கூடுகிறதோ என்று டாக்டரைவிட விவரமாக விசாரித்தார். கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருங்கோ என்றார். உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டதற்கு, லிஃப்டுக்குள் போனதும் சீருடைக் கோட்டை லேசாகத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு இடுப்பு பெல்ட். "ஆக்களைத் தள்ளித் தள்ளி வந்த நோ."

என் பெல்ட் என்ன விலை என்று கேட்டார், சொன்னேன். தன்னுடைய விலையை யூரோவில் சொன்னார். ரூபாயில் பெருக்கிப் பார்த்து இரண்டு பேருமே சிரித்துவிட்டோம், எனக்கு இருமல் வந்து காலில் சுண்டியது. ஆனால் எலாஸ்டிக் கெட்டியாகத்தான் இருந்தது. கேட் வருவதற்குள் ஓரத் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.