ஒரே கயிற்றில் தொங்கும் பேக்கப்

சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று எந்த நிறுவனத்தில் கேட்டாலும், "பேக்கப் இருக்கு, யுபிஎஸ் இருக்கு, ரெண்டு நெட் லைன் இருக்கு" என்று பதில் வரும். இருப்பது உண்மைதான். அவை எதை நம்பி நிற்கின்றன என்பதை யாரும் பார்ப்பதில்லை. சர்வரைச் சாய்க்கும் அதே காரணம் பேக்கப்பையும் சேர்த்துச் சாய்க்குமானால், இருந்தும் பயனில்லை.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு இரண்டுமே போயின.

மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நேர்ந்தது இன்னும் நுணுக்கமானது. ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் இருந்த டைரக்டரியை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் நிரலோ 9.2. இரண்டும் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. அதைச் சொல்லவேண்டிய மின்னஞ்சல்கள், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படவில்லை. வேறு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டேட்டாபேஸின் அந்நேர நகல்தான் கைகொடுத்தது.

அதனால் "பேக்கப் தோற்றால் மெயில் வரும்" என்ற ஏற்பாட்டை நம்பாதீர்கள். திருப்பிப் போடுங்கள்: தினமும் "முடிந்தது, இத்தனை ஜிபி" என்று செய்தி வரவேண்டும்; வராத நாளில் ஒருவர் எழுந்துபோய்ப் பார்க்கவேண்டும். நேற்று 40 ஜிபி இருந்தது இன்று 2 எம்பி ஆகியிருந்தால், அதுவும் தோல்விதான்.

மாதம் ஒருமுறை பேக்கப்பை ரெஸ்டோர் செய்து, அதாவது திரும்ப ஏற்றிப் பாருங்கள். அசல் சர்வரில் வேண்டாம், வேறொரு இயந்திரத்தில். தொடங்கும்போது மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருளைத் திறந்து, கடைசியாகப் போட்ட பில் எண்ணைத் தேடுங்கள். அந்த எண் எவ்வளவு பழையதோ, அவ்வளவு வேலையை நீங்கள் மறுபடி கையால் பதியவேண்டியிருக்கும். கடிகாரம் காட்டும் நேரம்தான் உங்கள் வேலை நின்றுபோகும் நேரம். கிளவுடில் மட்டும் பேக்கப் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போடவேண்டும்: 1 டிபி தரவை 100 எம்பிபிஎஸ் லைனில் இறக்க, முழு வேகம் கிடைத்தாலும் 22 மணி நேரம் ஆகும். பெரிய தரவுக்கு அலுவலகத்திலேயே ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி என்று இரண்டும் தேவை.

எப்போதும் சொருகியே இருக்கும் யுஎஸ்பி டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சர்வரோடு சேர்த்தே பூட்டிவிடும். ஒரு பிரதியாவது கழற்றி வைக்கப்பட்டிருக்கட்டும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டை பேக்கப் என்று எண்ணுவதும் ஆபத்து. ஒரு டிஸ்க் பழுதானால்தான் அது காப்பாற்றும். நீங்கள் அழித்த கோப்பை எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துவிடும்.

நெட் லைனில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். இரண்டாவது லைனுக்கு உடனே மாறிவிடும், திருப்தி. உண்மையில் லைன் அறுபடுவது மோடத்துக்கு அந்தப் பக்கம். அப்போதும் ரவுட்டருக்கு மோடம் உயிரோடுதான் தெரியும். விளக்கும் எரியும், நெட் மட்டும் இருக்காது, ரவுட்டரும் மாறாது. அதனால் ரவுட்டரில் 1.1.1.1, 8.8.8.8 போன்ற வெளி முகவரிகளுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பிச் சோதிக்கும் வசதியை இயக்குங்கள். இரண்டுக்கும் தொடர்ந்து 3 முறை பதில் வராவிட்டால் மாறும்படி அமையுங்கள். பிறகு மோடத்துக்குள் வரும் வெளி லைனைக் கழற்றிச் சோதியுங்கள். இரண்டு லைனும் வேறு வேறு நிறுவனமாக இருந்தாலும் ஒரே குழி வழியாக வந்தால், ஒரே மண்வெட்டியில் இரண்டும் போகும். ஒன்று பைபர், மற்றது மொபைல் நெட் என்றால் அந்தக் கவலை பெரிதும் குறையும்.

யுபிஎஸ்ஸில் சர்வர் இருக்கும், மோடம் இருக்காது. இது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. லேசர் பிரிண்டரை அதில் சொருகாதீர்கள். சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரம் யுபிஎஸ்ஸையே சாய்த்துவிடும். லெட்-ஆசிட் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு உழைக்கும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும், ஆகவே மூடிய அலமாரிக்குள் வைக்கவேண்டாம். சோதிக்கும்போது ப்ளக்கைப் பிடுங்காமல் சுவிட்சை அணையுங்கள், எர்த் இணைப்பு அறுபடக்கூடாது. யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்குப் போகும் யுஎஸ்பி கேபிளையும் பாருங்கள். பெட்டியோடு வந்த அந்தக் கேபிள் பல இடங்களில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது. அது இல்லாவிட்டால் பேட்டரி தீரும்போது சர்வர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாது, அப்படியே விழும்.

2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்ட கணினிகளை மீட்க, பல இடங்களில் ஒவ்வொன்றுக்கும் 48 இலக்கச் சாவியைக் கையால் அடிக்கவேண்டியிருந்தது. அந்தச் சாவிகள் உங்களிடம் எங்கே இருக்கின்றன? முடங்கிய சர்வருக்குள்ளேயே என்றால், பூட்டிய பெட்டிக்குள் அதன் சாவி.

டொமைன் புதுப்பிப்பும் இதே கதைதான். காலாவதி நினைவூட்டல் அந்த டொமைனில் உள்ள மின்னஞ்சலுக்கே போகும்படி பலர் வைத்திருக்கிறார்கள். டொமைன் செத்த அன்றே மெயிலும் செத்துவிடும். டொமைனைப் பதிந்து கொடுத்த நிறுவனத்திடம் வேறொரு டொமைனில் உள்ள முகவரியைக் கொடுங்கள். லைன் நிறுவனங்களின் தொலைபேசி எண்கள், வாடிக்கையாளர் எண்கள், ரவுட்டர் அமைப்பு, மீட்புச் சாவிகள் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சிட்டு, தேதி போட்டு, இரண்டு பேர் மட்டும் திறக்கக்கூடிய பெட்டியில் வையுங்கள். சாவி மாறும் ஒவ்வொரு முறையும் பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள்.