72 பைன்ட்டும் கூறல் நெட்டியும்

காரில் வந்துகொண்டிருந்தபோது பப்காரர் போன் செய்தார். ஸ்பீக்கரில்தான் எடுக்க முடிந்தது. "உன் பீர் வியாழக்கிழமை வந்துவிடும், மொத்தம் 72 பைன்ட்" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒரு பைன்ட் என்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பக்கத்து சீட்டில் அம்மா. ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் பீர் என்றால் தெரியும், எண்களும் தெரியும்.

"ஏப்பா, கல்யாண வீட்டுக்கே இவ்வளவு வாங்க மாட்டாங்களே!"

நான் இருப்பது பர்ட்டன் அபான் ட்ரென்ட். இங்கிலாந்தில் பீருக்குப் பேர்போன ஊர். எங்கள் கிரிக்கெட் கிளப்பின் சீசன் முடிகிற பரிசளிப்பு விழாவை ஒரு பப்பில் வைத்திருந்தோம். அன்றைக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு பீரை விருந்தாளியாக வரவழைப்பது இங்கே வழக்கம். கமிட்டியில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம் கேட்டேன். "இந்தியா பேல் ஏல் வைக்கலாம் என்று இருக்கிறோம், நீதானே இந்தியாக்காரன்!"

சிரிப்புதான் வந்தது. ரஷ்யப் பக்கத்து வியாபாரம் படுத்துப்போனதும், 1820களில் இந்த ஊர்க்காரர்கள், பிறகு இந்தியா பேல் ஏல் என்று பேர் வாங்கிய வெளிர்நிற பீரைக் காய்ச்சி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். குடித்தது அங்கே இருந்த வெள்ளைக்காரர்கள். எனக்குத் தெரிந்த இந்திய பீர் ஒன்றுதான். டாஸ்மாக் கம்பிக்குள் கையை விட்டு, "அண்ணே, கூலிங் இருக்கா?" என்று கேட்டு, "கூலிங் இல்ல" என்ற பதிலோடு வாங்கி, தினத்தந்தியில் சுற்றி, தெரிந்த முகம் எதுவும் எதிரே வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே எடுத்து வந்தது.

இங்கே தாத்தாக்கள் நாயோடும் பேரனோடும் பப்புக்கு வருகிறார்கள். எனக்கும் பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் சித்தப்பா யாராவது வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை.

சரி, ஏற்பாட்டுக்கு வருகிறேன். நினைத்த பீரை நினைத்த பப்பில் வைத்துவிட முடியாது. பல பப்களின் கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நடத்துபவர் வாடகைக்கு இருப்பவர், கம்பெனி சொல்லும் பட்டியலிலிருந்துதான் பீர் வாங்க வேண்டும். பெரிய ப்ரூவரிகளின் (பீர் ஆலைகளின்) குத்தகைக்காரர்கள் தங்கள் விருப்பத்துக்கு ஒரு காஸ்க் பீரை, அதாவது பீப்பாய் பீரை, வெளியிலிருந்து வாங்கலாம் என்று 1989இல் சட்டமே வந்து, பிறகு அதுவும் போய்விட்டது. எங்கள் பப்காரருக்கு ஒரே ஒரு பம்ப்பில் வெளிச்சரக்கு விற்க அனுமதி உண்டு. அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை பேச்சும்.

காஸ்க் பீர் உயிருள்ள சரக்கு. பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கும். 9 கேலன் பீப்பாய்க்கு ஃபெர்கின் என்று பேர், அதுதான் 72 பைன்ட். வந்து இறங்கியதும் நிலவறையில் படுக்கவைத்து, ஆடாமல் அசையாமல் விட்டுவிட வேண்டும். மேலே ஒரு சின்ன மரமுளையை அடித்து வாயுவை வெளியேற்றி, வண்டல் அடியில் தங்கிய பிறகே குழாயைச் செருகுவார்கள். நிலவறைச் சூடு 12 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். காற்றுப் பட்டுவிட்டால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். சனிக்கிழமை விழாவுக்கு வியாழக்கிழமையே வருவது வண்டல் தங்க நேரம் வேண்டும் என்பதால்தான். பப்காரர் முளையின் மேல் விரல் வைத்துச் சீறலைக் கேட்டுக்கொண்டு குனிந்து நின்றதைப் பார்த்தேன். பிரசவம் பார்க்கிற முகம்.

அப்புறம்தான் மீன் விவகாரம் வந்தது. எங்கள் டீமின் தொடக்க ஆட்டக்காரர் ஒரு கும்பகோணத்துக்காரர். முட்டைகூடத் தொடமாட்டார், பீர் மட்டும் தாராளம். "இந்தப் பீப்பாயில் மீன் இருக்கா?" என்று அவர் கேட்டபோது, அன்றைக்கே ரெண்டு ரவுண்டு ஓவராகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பப்காரர் நிதானமாக, "இருக்கிறது" என்றார். பீரைத் தெளியவைக்க ஐசிங்கிளாஸ் என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுப்பது. மிதக்கிற ஈஸ்ட்டைப் பிடித்து அடியில் உட்காரவைத்துவிடும். கும்பகோணத்துக்காரர் மனசுக்குள் எத்தனை வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தாரோ, முகம் வெளிறிவிட்டது.

வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"நெட்டியா? நம்ம கூறல் மீன் நெட்டியா?"

அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. பாம்பன் பக்கம் வலையில் கூறல் விழுந்தால் கரையே கூடிவிடும். கறிக்கு ஒரு விலை, வயிற்றிலிருக்கிற நெட்டிக்கு, அதாவது அந்தக் காற்றுப்பைக்கு, அதைவிடப் பெரிய விலை. மாமா மீன் வியாபாரி. ஏலம் எடுத்த மீனைக் கீறி, வெள்ளைப் பையைக் கிழியாமல் உருவி, ரத்தம் போகக் கழுவி வெயிலில் விரிப்பார். பக்கத்தில் போனால் திட்டு விழும். வெளிநாட்டுக்குப் போகுது, மருந்துக்கு, சாராயம் சுத்தம் பண்ண என்று சொல்வார்கள். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இந்தப் பீப்பாயில் இருப்பது எந்தக் கடல் மீனோ யார் கண்டது! ஆனால் அன்றிலிருந்து 72 பைன்ட் பற்றி அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொந்தக்காரர் சரக்கு ஆகிவிட்டது.

கும்பகோணத்துக்காரருக்காக மீன் சேர்க்காத பீர் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். கலங்கலாகத்தான் இருக்கும், மற்றவர்கள் திருப்பி அனுப்புவார்கள் என்று பப்காரருக்குக் கவலை. கடைசியில் அதை மட்டும் 36 பைன்ட் பிடிக்கிற சின்னப் பீப்பாயில் எடுத்து, கவுன்ட்டர் மேலேயே வைத்து, சுற்றிலும் ஈரத்துணி போர்த்திவிட்டார். விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவும் வந்து, லைம் சோடாவை வைத்துக்கொண்டு சிப்ஸுக்கு வினிகர் ஊற்றுவதை முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தியா பேல் ஏல் வெள்ளைக்காரர்களிடம் நன்றாகப் போனது. நம்மாட்கள்தான் மானத்தை வாங்கினார்கள். "மச்சான், கூலிங் இல்லையேடா," என்றான் ஒருவன். இன்னொருவன் ஐஸ் கேட்டான். பப்காரர் காதில் விழாமல் அவனை இழுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. கலங்கல் பீர்தான் முதலில் காலி. கும்பகோணத்துக்காரர் பங்கு அதில் அதிகம்.

கிளம்பும்போது அம்மா பப்காரரிடம் என்னவோ கேட்கச் சொன்னார். நெட்டி கிலோ என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று. அதெல்லாம் ப்ரூவரியில் சேர்த்தே வந்துவிடும், தனக்குத் தெரியாது என்று அவர் கையை விரித்தார். அம்மாவுக்குத் திருப்தியில்லை. ராத்திரி ஊருக்குப் போன் போட்டார். விழா பற்றிப் பேச்சில்லை, பீர் பற்றி மூச்சுகூட விடவில்லை. "இங்க நெட்டி வாங்குற ஆளுங்க எல்லாம் தம்பிக்கு நல்ல பழக்கம்" என்று மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் விடியுமுன்னே மாமா கூப்பிட்டார். "மாப்ள, கிலோ என்ன ரேட்டுக்கு எடுக்குறாய்ங்க?"