டீ செட்டுக்கு அடியில்

மார்ச் 3, திங்கள்
பெரியம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கவைத்துக் கொடுத்தார். டீ பாட், பால் ஜக், சர்க்கரைக் கிண்ணம். குன்னூர் எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்த கொள்ளுத் தாத்தாவுக்கு, துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்ததாம். “அத்தனையும் சுத்த வெள்ளி கண்ணு, ஏமாந்துராத.” மூன்றும் அட்டைக் கரியாக இருந்தன. மாமா பல்பொடியோடு வந்தார். பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 5
லென்ஸ் வைத்து டீ பாட்டின் அடியைப் பார்த்தேன். நடக்கும் சிங்கம், நங்கூரம், ஆங்கிலச் சின்ன எழுத்து ‘பி’. சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீதம் வெள்ளி. நங்கூரம் பர்மிங்ஹாம் முத்திரை. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! வரி கட்டியதற்கு அடையாளமாக 1890 வரை அடித்த அரசியின் தலை இதில் இல்லை. ஆக, அதற்குப் பிந்தியது. ‘பி’ செய்த ஆண்டைக் குறிக்கும் எழுத்து. அகர வரிசை முடிந்ததும் மறுபடி தொடங்குவதால் பல சுற்றுகளில் வரும்; எழுத்தின் வடிவத்தை அட்டவணையோடு ஒப்பிட்டதில் 1901-க்குப் பொருந்தியது. செய்தவரின் முதலெழுத்துகள் மட்டும் மழுங்கிப் போயிருக்கின்றன. தினமும் தேய்த்தது கொள்ளுத் தாத்தாவாகத்தான் இருக்கும்.

ஜக்கிலும் வரிசையாக நாலு குட்டிக் கட்டங்கள். எட்ட இருந்து பார்த்தால் அதே ஹால்மார்க் மாதிரிதான். லென்ஸில் ஈ, பி, என், எஸ். அதாவது, நிக்கல் சில்வர் மேல் வெள்ளி மின்முலாம். நிக்கல் சில்வர் என்று பெயர்தான். உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும், பொட்டு வெள்ளி கிடையாது. கிண்ணத்திலும் அதே நாலு எழுத்து.

மார்ச் 8
பெரியம்மா நம்பவில்லை. நகைத் தராசில் ஜக்கை நிறுத்தேன்: 212 கிராம். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, ஜக்கை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க முக்கினேன். 24.3 கிராம் ஏறியது. 212-ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 8.7. ஸ்டெர்லிங்காக இருந்தால் 10.3-க்கு மேல் வரவேண்டும். உள்ளே காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டால் கணக்கு கெட்டுவிடும் என்று இரண்டு தடவை செய்து பார்த்தேன். பெரியம்மா பதில் பேசாமல் காபி போடப் போய்விட்டார்.

மார்ச் 10
ராஜ வீதியில் ஒரு வெள்ளிக் கடை. கடைக்காரர், “அரம் போட்டு உரசிரலாங்க.” கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். பாட் 540 கிராம். “92 டச்சு, அதாவது நூத்துக்கு 92 பங்கு வெள்ளி, உருக்கினா 500 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாத் தேறும். வேலைப்பாட்டுக்கெல்லாம் காசு தர்றதில்லைங்க.” அவர் தொழிலில் அது நியாயம்தான். பிறகு கைப்பிடியைக் காட்டினார். மேலும் கீழும் வெள்ளை வளையங்கள். கைப்பிடிக்குச் சூடு ஏறாமல் இருக்க வைப்பது. எலும்பென்றால் கரும்புள்ளிகள் தெரியும். இதில் இல்லை, மெல்லிய ரேகைதான் ஓடுகிறது. தந்தம் போல.

மார்ச் 14
லண்டனில் இருக்கும் தம்பி, “இங்க ஏலத்துல போட்டா நல்ல விலைக்குப் போகும்ணா, அனுப்பு” என்கிறான். நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளைத் தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. தந்தம் என்றால் இங்கேயும் விற்க முடியாது, அதற்கு வனவிலங்குச் சட்டம். கையில் வைத்திருப்பதற்கே வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது, திங்கட்கிழமை போகிறேன். விலை கேட்கப் போய் இப்படி.

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “சரி, ஜக்கும் கிண்ணமும் எனக்குப் போதும். பாட்டை நீயே வெச்சுக்க. ஆனா இப்படிக் கரியா வெக்காத சாமி, நல்லாத் தேச்சு வெய்யி.”