வேதியியல் சாரின் பித்தளைக் குழாய்

நம் வேதியியல் சார் மறைந்த செய்தி முன்னாள் மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, அவருடைய கண்டிப்பைப் பற்றி மற்றவர்கள் மலரில் எழுதுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன். வளைகுடா நாட்டில் எண்ணெய்க் குழாய்களின் விரிசல்களைப் பரிசோதித்தே காலத்தைக் கழித்த நான் எழுத வேண்டியது, ஆய்வுக்கூடத்தில் அவர் செய்து காட்டிய ஒரு சோதனையைப் பற்றித்தான்.

மாசி வீதிக் கடையில் வாங்கிய பித்தளைக் குழாயை இரண்டாக அறுத்து, ஒரு துண்டை மட்டும் 300 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்து ஆறவிட்டிருந்தார். பிறகு இரண்டையும் அமிலம் கலந்த பாதரச நைட்ரேட் கரைசலில் இறக்கினார். இரண்டும் வெள்ளி முலாம் பூசியதுபோல் பளபளத்தன. சிறிது நேரத்தில் சூடேற்றாத துண்டில் மட்டும், யாரும் தொடாமலே, விளிம்பிலிருந்து மயிரிழை போன்ற விரிசல் கிளம்பி நெடுக்காக இறங்கியது. “அடிக்கவில்லை, வளைக்கவில்லை, எதுடா உடைத்தது?” என்று கேட்டார்.

குழாயைச் சூடேற்றாமல் இழுத்து நீட்டும்போது உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும் இழுவிசை ஒரு பக்கம்; உலோகத்தை ஆக்கியிருக்கும் நுண்ணிய படிகமணிகளின் எல்லைகளில் புகுந்து பிணைப்பைத் தளர்த்தும் பாதரசம் மறுபக்கம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பித்தளை தப்பித்துவிடும்; சூடேற்றிய துண்டில் அந்த இழுவிசை தணிந்திருந்ததால் அது தப்பியது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டதற்கும், குதிரை லாயங்களிலிருந்து எழுந்த அம்மோனியா இப்படித்தான் காரணமாயிற்று. விரிசல் வளர்வதற்குப் புதிய பரப்பை உண்டாக்கும் ஆற்றல் தேவை என்று பிரிட்டிஷ் பொறியாளர் கிரிஃபித் 1921இல் காட்டியதையும், பரப்பில் ஒட்டும் பொருள் அந்த ஆற்றலைக் குறைத்துப் படிகத்தை எளிதில் பிளக்க வைக்கும் என்று சோவியத் வேதியியலர் ரெபிந்தர் 1928இல் கூறியதையும், பாடத்திட்டத்தில் இல்லாதபோதும் சார் விளக்கினார். சூழல் எப்போதும் பகையல்ல என்பதற்கும் சான்று வைத்திருந்தார்: உலர்ந்த நிலையில் ஒடிந்துவிடும் பாறை உப்புப் படிகம், நீரில் இருக்கும்போது மேற்பரப்புக் கீறல்கள் கரைந்துபோவதால் வளைந்துகொடுக்கும்.

என் பணியிடத்தில் பகைவன் ஹைட்ரஜன். ஈரமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு எஃகை அரிக்கும்போது பிறக்கும் அந்த அணுக்கள் உள்ளே புகுந்து, உறுதியான எஃகையும் நொறுங்க வைத்துவிடும். அதனால் பற்றவைத்த மூட்டைப் பார்த்ததும், சூடேற்றி உள்விசையைத் தணித்தார்களா என்றுதான் முதலில் கேட்பேன். அது சார் சூடேற்றி வைத்த துண்டு கற்றுத்தந்த கேள்வி.

விடுமுறைக்கு மதுரை வரும்போதெல்லாம், “இதையெல்லாம் இங்கே வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடேன்” என்பார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவேன். போயிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

பாதரசம் நஞ்சு என்பதால் அந்தச் சோதனையை இன்றைய பிள்ளைகளிடம் கொடுக்க இயலாது. மூடிய கண்ணாடிக் கலத்தில் ஈரமான அம்மோனியா ஆவி இருந்தால் போதும். நேரம் கூடுதலாகும், ஆனால் பித்தளை விரிசல் விடும். அதற்கான பொருள்களைச் சங்கம் வாங்கித் தந்தால், வந்து செய்து காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.