திரும்பும் டிக்கெட்டை யார் போடச் சொன்னது?

ஒரு மருத்துவமனையில் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மெயிலில் வரும் ரிப்போர்ட்டுகளை டாக்டரிடம் காட்டி எஸ்டிமேட் வாங்கி அனுப்புவது, விசாவுக்குக் கடிதம் தயார் செய்வது, மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது, கடைசியில் டிஸ்சார்ஜ் பேப்பர்களைக் கையில் கொடுத்து வழியனுப்புவது, இதுதான் வேலை.

இதற்கு மெடிக்கல் டூரிஸம் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் எப்போதுமே பிடிக்காது. சொந்த நாட்டில் அந்த ஆபரேஷனைச் செய்தால் வீட்டை விற்க வேண்டியிருக்கும், அல்லது வரிசையில் பெயர் வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது இன்ஷூரன்ஸ் கையை விரித்திருக்கும். அதனால்தான் வலியோடு விமானம் ஏறி வருகிறார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர் யாரும் சக்கர நாற்காலியில் வந்து இறங்குவதில்லை.

எஸ்டிமேட் போனதும் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். மொத்தம் எவ்வளவு ஆகும்? எத்தனை நாள் தங்க வேண்டும்? முதல் கேள்விக்கு ஓரளவு சரியாகப் பதில் சொல்லிவிடலாம், பிரச்சினை எல்லாம் இரண்டாவதில்தான். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் என்று நான் எழுதினால், ஆறாம் நாளுக்குத் திரும்பும் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெரியவர் அப்படித்தான் வந்தார், கூட மகள். நான்காம் நாள் கட்டைப் பிரித்தபோது காயத்தில் கசிவு. விமானத்தில் மணிக்கணக்காகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் ரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரல் வரைக்கும் போகலாம், அதுவும் புதிதாக ஆபரேஷன் ஆன கால், இப்போது போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கு லீவு முடிந்துவிட்டது. அவர் அழுதுகொண்டே தனியாகக் கிளம்பினார், பெரியவர் மொழி தெரியாத ஊரில் இரண்டு வாரம் இருந்தார். டிக்கெட் மாற்றிய காசு, அறை வாடகை, பிசியோதெரபி, விசா நீட்டிப்பு எதுவும் அவர்கள் போட்ட கணக்கில் இல்லை.

அன்றிலிருந்து டாக்டர் தேதி சொல்லும்வரை திரும்பும் டிக்கெட் போடாதீர்கள், போட்டே ஆக வேண்டும் என்றால் தேதி மாற்றக்கூடியதாகப் போடுங்கள் என்று எஸ்டிமேட்டிலேயே முதல் வரியாக எழுத ஆரம்பித்தேன். மார்பிலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை செய்தவர்கள் குறைந்தது 10 நாளாவது விமானப் பயணத்தைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போலத்தான் இருக்கும், உடம்புக்குள் தங்கிய காற்று அங்கே விரியும். பல் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர் என்றால் வேறு கதை. எலும்போடு அது சேர்ந்து பிடிக்கவே சில மாதங்கள் ஆகும், அதனால் பெரும்பாலும் இரண்டு முறை வர வேண்டும். விளம்பரத்தில் ஒரு பயணத்தின் செலவுதான் இருக்கும்.

அப்புறம் பேப்பர்கள். ஸ்கேன் என்றால் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியும் வேண்டும். உடம்புக்குள் வைத்த மூட்டின் கம்பெனி, அளவு, எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் நம்பர் அச்சிட்ட சிறிய ஸ்டிக்கர்கள் உண்டு. பத்து வருடம் கழித்து இன்னொரு டாக்டர் அதே காலைத் திறக்க நேர்ந்தால் அவர் தேடுவது அந்த ஸ்டிக்கரைத்தான். சர்க்கரை அளவு 180 என்று இங்கே எழுதுவதைச் சில நாடுகளில் 10 என்று எழுதுவார்கள், அலகு வேறு. பாரசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர்.

மருந்தின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்ற இந்தக் கடைசி விஷயத்தை நான் கற்றுக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. இதய ஆபரேஷன் முடிந்து நன்றாகக் கிளம்பிப் போனவர் ஒருவர். அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துகள் எல்லாம் பிராண்ட் பெயரிலேயே இருந்தன. நான்தான் சரிபார்த்து உறையில் போட்டுக் கொடுத்தேன், கண்ணில் படவில்லை. மூன்று வாரம் கழித்து அவர் மனைவியிடமிருந்து மெசேஜ். கொண்டுபோன மாத்திரை தீர்ந்துவிட்டது, அந்தப் பெயரில் எங்கள் ஊர் மருந்துக்கடையில் எதுவும் இல்லை என்கிறார்கள், நான்கு நாளாக அவர் எதுவும் போடவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை அது.

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். வாசலிலேயே நின்று, அவர் வெளியே வந்ததும் கையோடு மருந்தின் ஜெனரிக் பெயரையும் (கம்பெனி வைத்த பெயர் இல்லாமல், மருந்தின் மூலப் பெயர்) அளவையும் எழுதி வாங்கி, அன்றே அங்குள்ள டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அன்று இரவு தூக்கம் இல்லை. காலையில் அந்த அம்மா ஒரு படம் அனுப்பியிருந்தார். உள்ளங்கையில் ஒரு மாத்திரை அட்டை, பெயர் வேறு, நிறமும் வேறு, ஓரத்தில் பொடி எழுத்தில் நான் எழுதி அனுப்பிய அதே மருந்து. அதில் ஒரு மாத்திரை எடுத்த இடம் காலியாக இருந்தது.