துணியின் உள்பக்கம்: ரங்கூன் நாட்குறிப்பு

17 ஏப்ரல் 2019, புதன்

இன்று பர்மியப் புத்தாண்டு. தின்ஜான் தண்ணீர்த் திருவிழா நேற்றோடு முடிந்தது. எங்கள் சித்திரை முதல் நாளும் அதற்கு நடுவில்தான் வந்தது. காளி கோயிலுக்குப் போகிற வழியில் என் பட்டுச்சேலையிலும் ரெண்டு வாளி கொட்டினார்கள். அப்படியே சொட்டச் சொட்ட நின்றுதான் அர்ச்சனை செய்தேன். சேலை இன்னும் கொடியில் இருக்கிறது.

கல்லூரி திறக்க ஜூன் ஆகும். இந்த விடுமுறையில் ஒரு வேலையைத் தொடங்குகிறேன். எங்களூரில் யார் என்ன உடுத்துகிறார்கள், அது எங்கிருந்து வருகிறது, யார் தைக்கிறார்கள் என்று பார்த்து எழுதப் போகிறேன். கூடவே போனில் படமும் எடுப்பேன். ரொம்ப நாளாக மனசில் இருந்த ஆசை இது.

காலையில் எங்கள் மூன்றாவது மாடி பால்கனியில் கால் மணி நேரம் நின்றால் போதும். கீழே கட்டம் போட்ட கைலி, பூப்போட்ட தமெய்ன் (பர்மியப் பெண்கள் கைலி போல இடுப்பில் சுற்றிக் கட்டுவது), ஷான் இனத்தாரின் தொளதொள கால்சட்டை, ஜீன்ஸ், பர்தா, நூல் சேலை எல்லாம் ஒரே தெருவில் போகும். எங்கள் அம்மா கன்னத்தில் மரப்பட்டையை அரைத்த தனகா பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, தமெய்ன் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். எனக்கு அதைவிட அழகான அலங்காரம் தெரியாது.

24 ஏப்ரல், புதன்

முதலில் எழுத எடுத்தது என்னுடைய அச்செய்க் தமெய்ன். அலை அலையாகப் போகும் கோலம், ரோஜா நிறமும் பச்சையும். போன வருடம் 8,000 சாட்டுக்கு (எங்கள் பர்மியப் பணம்) வாங்கினேன்.

அச்செய்க் என்றால் பர்மாவில் தனி மரியாதை. கல்யாணத்துக்கு அதுதான். அதில் உயர்ந்ததை லூன்தயா அச்செய்க் என்பார்கள். லூன் என்றால் நாடா, அதாவது தறியில் நூலைக் கொண்டு ஓடும் ஓடம்; தயா என்றால் நூறு. உண்மையிலேயே நூறு, இருநூறு நாடாக்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிற நூலையும் பக்கத்து நிறத்தோடு கோத்துக் கோத்து நெய்வது. மண்டலே பக்கம் அமரபுரத்தில் தறிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சில அங்குலம்தான் ஏறுமாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, என்னுடையதும் கைநெசவு என்றே எழுதிவிட்டேன்.

30 ஏப்ரல், செவ்வாய்

கைநெசவு இல்லை. ஜாக்கெட் தைக்க பாய் கடைக்குப் போயிருந்தேன். எங்கள் தெருமுனையில் அப்பா சின்னப் பையனாக இருந்தபோதே தைத்துக்கொண்டிருந்தவர். இந்தத் தமெய்னைத்தான் கட்டியிருந்தேன். எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "ஓரத்தைக் கொஞ்சம் திருப்பு பாப்பா" என்றார். திருப்பினேன். பின்னால் கோலம் வெளிறிப்போய், கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தது.

"இது அச்சடிச்ச துணிம்மா. நெய்ஞ்சதுன்னா நிறம் நூல்லயே இருக்கும், ரெண்டு பக்கமும் தெரியும். கோலம் மாறுற எடத்தைத் தடவிப் பாரு, கையில தட்டுப்படும்" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "முன்பக்கத்தைக் கடைக்காரன் காட்டிருவான். பின்பக்கத்தை நீதான் பாக்கணும்" என்றார்.

ஒரு வருடம் கட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுதினதைத் திருத்தினேன். அச்சுத் துணி மட்டம் என்று சொல்லவில்லை. லூன்தயா பட்டு லட்சக்கணக்கில் விற்கும்போது, எங்களைப் போன்றவர்கள் கல்யாணத்துக்குக் கட்டிப்போக இது இருக்கிறதே, அதுவே பெரிய உபகாரம். ஆனால் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். அமரபுரத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் உழைப்பை அச்சு இயந்திரத்தின் பெயரில் எழுதக்கூடாது.

6 மே, திங்கள்

போஜோ மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி வந்தேன். திங்கட்கிழமை விடுமுறை.

7 மே, செவ்வாய்

இன்று திறந்திருந்தது. 1926இல் கட்டினது, அப்போது ஸ்காட் மார்க்கெட் என்று பெயர். அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, இன்னும் அப்படித்தான் சொல்கிறார். ஒரு துணிக்கடை அக்காவிடம் வாங்க வரவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்படியும் நிஜ லூன்தயா ஒன்றை எடுத்து என் மடியில் விரித்தார். பாய் சொன்ன மாதிரி கோலம் மாறும் இடத்தில் விரலை ஓட்டினேன். மெல்லிசாக ஒரு மேடு, அடுத்தது, அதற்கடுத்தது. ஆயிரக்கணக்கில் இருக்கும். கை வேர்த்தது, துணியில் படக்கூடாதே என்று எடுத்துவிட்டேன்.

12 மே, ஞாயிறு

கரண்ட் முறை வைத்துப் போகிறது. வெயில் தாங்க முடியவில்லை. டியூப் லைட்டில் எடுத்த படத்தில் மஞ்சள் பச்சையாக விழுகிறது, சிவப்பு செத்துப்போகிறது. இனிமேல் காலை ஏழு மணிக்கு, பால்கனி வெளிச்சத்தில் மட்டும்தான் படம்.

பாய் கடையில் உட்கார இடமில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, நாடு முழுக்க ஒரே உடுப்பு, வெள்ளைச் சட்டையும் பச்சைக் கீழுடுப்பும். டீச்சர்களுக்கும் அதே. சுவரோரம் பச்சைத் துணி இடுப்பு உயரத்துக்குக் கிடக்கிறது. அவருடையது மிதி மெஷின், அதனால் கரண்ட் போனாலும் நிற்பதில்லை. நெற்றி வேர்வை துணியில் விழாமல் இருக்க, தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிதிக்கிறார். என் ஜாக்கெட்டுக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

18 மே, சனி

கஸோன் பௌர்ணமி. பர்மியர்கள் போதி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள். பக்கத்து வீட்டார் நல்ல துணி உடுத்தி ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போய்விட்டார்கள், கட்டடமே அமைதி. அப்பாயி பெட்டியைத் திறந்து ஒரு தமெய்னை எடுத்தார். சாயம் போன செங்கல் நிறம், நூல் துணி. இடுப்பில் வழக்கமான கருப்புப் பட்டை. "இதையும் படம் எடு" என்றார்.

பழக்கதோஷத்தில் உள்பக்கம் திருப்பினேன். மேல் ஓரத்தில், கருப்புப் பட்டைக்குப் பின்னால், சேலைக் கரை ஓடியது.

"இது சேலையா அப்பாயி?"

"பாதிச் சேலை" என்றார்.

1964. அப்பாயிக்கு 12 வயது. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பல் கப்பலாக நம் ஆட்கள் கிளம்பினார்கள். நகை நட்டுக் கொண்டுபோக விடவில்லை. அப்பாயியின் தங்கையைப் பெரியப்பா குடும்பத்தோடு சென்னைக்கு அனுப்பினார்கள். அதற்கு முதல் நாள் அவர்கள் அம்மா தன் அரக்குச் சேலையை நடுவில் கிழித்து, ஆளுக்குப் பாதி தாவணியாகக் கொடுத்தாராம். "கிழிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு" என்றார். பெரியவளானதும் தெருவில் தாவணியோடு போகத் தயக்கம் வந்து, அதைத் தமெய்னாகத் தைத்துக்கொண்டார்.

"மேல் கரையை வெட்டிட்டுத்தான் பட்டை வைக்கணும். வெட்ட மனசு வரல. அது மேலயே வச்சுத் தச்சுட்டேன்."

இன்று படம் எடுக்கவில்லை.

20 மே, திங்கள்

அப்பாயி அதை எனக்கே கொடுத்துவிட்டார். கட்டிப் பார்த்தேன், சுற்றளவு பத்தவில்லை. பாயிடம் தரலாமா என்றேன். "பாய் எதுக்கு? தையலுக்கு உள்ள நாலு விரல் விட்டிருக்கேன். பிரிச்சுக்க" என்றார்.

22 மே, புதன்

மத்தியானம் பால்கனிக் கதவோரம் உட்கார்ந்து பிரித்தோம். நான் ஊசி முனையால் தையலைத் தூக்க, அப்பாயி பிளேடால் அறுத்தார். சின்னச் சின்னக் கைத்தையல், எண்ணெய் தேய்த்த மாதிரி படிந்துபோயிருந்தது. ஒரு சாண் பிரிப்பதற்குள் அரை மணி நேரம் ஆனது. மடிப்பு விரிந்தது. உள்ளே நாலு விரல் அகலத்துக்கு, வெயிலே படாத துணி. கெட்டியான அரக்கு. பக்கத்தில் செங்கல் நிறம், நடுவில் தையல் ஓடின இடத்தில் பொடிப்பொடி ஓட்டைகள்.

அப்பாயி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். அந்தப் பட்டையை விரலால் நீவி, "ஆமா, இந்த நிறந்தான்" என்றார்.

போனை எடுப்பதற்குள் வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது. துணியை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு அலாரம் வைத்தாயிற்று.