தட்டிப் பார்க்காத சுவர்

கோட்டையூர்ப் பக்கம் நான் மேற்பார்வை பார்த்துக் கட்டிய ஒரு வீட்டில், பால் காய்ச்சிக் குடிபுகுந்து மூன்றே மாதத்தில், மேற்குச் சுவரின் வெளிப்பூச்சு பொருமி நின்றது. ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு கார்த்திகைக் காலையில் வீட்டுக்கார ஆச்சி என்னை அழைத்துக் காட்டினார். சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல்கள் ஓடியிருந்தன. அவற்றின் வழியே இறங்கிய மழைநீர் பூச்சுக்குப் பின்னால் தங்கி, உள்ளறைச் சுவரில் உப்புப் பூத்திருந்தது. ஆச்சி கோபப்படவில்லை. "பெரிய வீட்டுச் சுவரு நூறு வருஷமா நிக்குது தம்பி, இது ஒரு மழைக்கே வாயைப் பிளந்துருச்சே" என்று மட்டும் சொன்னார். வெளிப்பூச்சு முடிந்தபோது பில்லில் கையெழுத்திட்டவன் நான்தான் என்பதால், எனக்குப் பதில் வரவில்லை.

ஆச்சியின் பூர்வீகமான அந்தப் பெரிய வீட்டோடு ஒப்பிடுவது முழுக்க நியாயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு, அரைத்துப் புளிக்க வைத்த சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, படலம் படலமாக ஏற்றித் தேய்த்து மெருகிட்டது. அதற்குச் செலவான நாட்களை இன்று யாரும் கூலி கொடுத்து வாங்க முடியாது. சிமென்ட் பூச்சு அவ்வளவு பொறுமை கேட்பதில்லை. அது கேட்பது தண்ணீரைத்தான், பூசுவதற்கு முன்னும் பின்னும். அதைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

சாரம் கட்டச் சொல்லி, கரணைக் கைப்பிடியால் சுவரை அடி அடியாகத் தட்டிப் பார்த்தேன். பிடிப்புள்ள இடம் கெட்டியாக ஒலிக்கும். பிடிப்பு விட்ட இடம் காலிப் பானையைப் போலக் குரல் கொடுக்கும். சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே போனதில், 480 சதுர அடிச் சுவரில் ஏறக்குறைய 170 சதுர அடி காலிப் பானையாக இருந்தது. ஒரு வட்டத்தை உடைத்தபோதுதான் கதை முழுவதும் வெளியே வந்தது. 12 மில்லிமீட்டர் முதல் பூச்சு, அது இறுகிய பின் அதன்மேல் 8 மில்லிமீட்டர் என இரண்டு தடவையாகப் பூச வேண்டிய சுவரில், ஒரே வீச்சில் 35 மில்லிமீட்டர் ஏற்றியிருந்தார்கள். செங்கல் கட்டு தூக்குக்குண்டுக்கு நிற்காமல் வளைந்திருந்ததை மறைக்கக் கலவையால் நிரப்பியிருக்கிறார்கள். அதன் பின்னால் இருந்த செங்கல் பூசும்போது நனைக்கப்படவே இல்லை. சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ள, சிமென்ட் இறுகுவதற்கு வழியில்லாமல் போயிருந்தது. கான்கிரீட் பீமின் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கவில்லை, கான்கிரீட் வார்த்த பலகைக்குப் பூசிய எண்ணெயின் பளபளப்பு அப்படியே இருந்தது. பீமும் செங்கலும் சேரும் இடத்தில் அடித்திருக்க வேண்டிய கோழிவலை என்கிற மெல்லிய கம்பிவலை, பில்லில் மட்டும் இருந்தது.

இத்தனையும் நடந்த வாரத்தில் நான் தேவகோட்டையில் வேறொரு வேலையில் இருந்தேன். மாலையில் வந்து பார்த்தால் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஈரமான பூச்சின்மேல் உலர்ந்த சிமென்ட்டைத் தூவித் தேய்த்தால் சீக்கிரம் இறுகும், மேலுக்கும் வழவழப்பு வரும். பிறகு அந்தத் தோல் மட்டும் சுருங்கி மயிரிழை விரிசலாகப் பிளக்கும். இது தெரிந்தும் அந்த வழவழப்பை நல்ல வேலை என்று எடுத்துக்கொண்டேன். மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்க்கவில்லை. ஏழு நாளாவது நனைத்திருக்க வேண்டிய சுவரை, டேங்கர் தண்ணீர் விலையைக் காரணம் காட்டி இரண்டு நாளோடு நிறுத்தியதை, பின்னாளில் ஒரு சித்தாள் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அறிந்தேன்.

ஒப்பந்தக்காரரை அழைத்தபோது, "எல்லா வீட்டுலயும் இப்படித்தான் சார் இருக்கும். வெடிப்புல பட்டி பாத்து ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சுட்டா தெரியாது" என்றார். தெரியாது என்பது உண்மை. அடுத்த ஐப்பசி வரைக்கும் தெரியாது. நான் குரலை உயர்த்தாமல், உடைத்த துண்டை அவர் கையில் கொடுத்து, அவர் கைப்பெருவிரலாலேயே அதன் பின்பக்கத்தைத் தேய்க்கச் சொன்னேன். மணலாக உதிர்ந்தது. வேலையில் குறை வந்தால் என்று அவர் பில்லில் பிடித்து வைத்திருந்த 5 சதவீதத் தொகையைத் தர மாட்டோம் என்ற பேச்சைவிட அந்தத் துண்டுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பொருளும் கூலியும் அவர் பொறுப்பு, சாரமும் தண்ணீரும் என் கட்டணத்திலிருந்து என்று முடிவாயிற்று. ஆச்சியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்.

தை பிறந்து சுவர் காய்ந்த பிறகு வேலையைத் தொடங்கினோம். வட்டங்களைச் சதுரமாக மெஷினால் வெட்டி எடுத்து, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, பீமைக் கொத்தி, கோழிவலையை இருபுறமும் அரை அடி வரும்படி ஆணியடித்து, முதல் நாள் மாலையே சுவரைக் குளிப்பாட்டினோம். பூச்சு மணலைச் சலித்து, அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலவை போடச் சொன்னேன். சன்ஷேடின் அடிவிளிம்பில் முன்பு விட்டுப்போன காடியையும், அதாவது மழைநீரை அங்கேயே சொட்ட வைக்கும் பள்ளக் கோட்டையும், இழுக்க வைத்தேன். அது இல்லாததால்தான் மழைநீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்திருக்கிறது. ஈரச்சாக்குத் தொங்கவிட்டுப் பத்து நாள் நனைத்தோம்.

பதினோராம் நாள் ஆச்சி பெரிய வீட்டுச் சாவிக்கொத்தோடு வந்தார். யாரும் சொல்லாமலேயே, உள்ளங்கை நீளச் சாவி ஒன்றால் புதுப்பூச்சை மெல்லத் தட்டிக்கொண்டே நடந்து, மேற்குச் சுவர் முடிந்ததும் நிற்காமல், நான் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்ட கிழக்குச் சுவருக்கும் போனார். அடுப்படிச் சன்னலுக்குக் கீழே ஓரிடத்தில் நின்று, மறுபடி தட்டி, என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் ஒன்றும் பேசாமல் உளியை எடுத்தார். பின்னால் இருந்த செங்கலில் சிமென்ட்டின் சாம்பல் நிறமே ஒட்டியிருக்கவில்லை.